புள்ளி வைத்த சொல்

என் மகளுக்கு எட்டு மாதமாக இருந்தபோது, ஆஸ்திரேலியாவின் மல்கிரேவில் எங்கள் பக்கத்து வீட்டுக்காரர் தினமும் காலை பத்து மணிக்கு யாரிடமோ கெஞ்ச ஆரம்பித்தார். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரே சுவர். முதலில் மெல்லிய குரலில் பேச்சு. பிறகு சத்தம். பிறகு ஒரு மௌனம், அந்தப் பக்கம் யாரோ பதில் சொல்வது போல. கடைசியில் அழுகை. பதினொரு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும்.

அவர் தனியாக இருக்கும் வயதானவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். குப்பைத்தொட்டி தள்ளும் நாட்களில் தலையசைத்துக்கொள்வோம். யாராவது அவரை மிரட்டுகிறார்களோ? பொலிசுக்குச் சொன்னால் மிகையாகிவிடுமோ? சொல்லாமல் விட்டு ஏதாவது நடந்துவிட்டால்? நான் மகப்பேற்று விடுமுறையில் இருந்தேன். பிள்ளை எத்தனை நிமிடம் நித்திரை கொண்டாள், எத்தனை கரண்டி சாப்பிட்டாள் என்று எல்லாவற்றையும் தொலைபேசியில் குறித்துவைக்கும் காலம். அந்தக் குறிப்புகளுக்குக் கீழே பக்கத்து வீட்டு அழுகையையும் மூன்று நாள் குறித்துவைத்தேன்.

கணவரிடம் சொன்னேன்.

"ரீவிச் சத்தமா இருக்கும். நீர் ஒருக்காப் போய்த் தட்டிப் பாருமன்."

"நான் போறதோ? பிள்ளையோடையோ?"

"பிள்ளையோட போனா இன்னும் நல்லம். ஆரும் அடிக்க மாட்டினம்."

வெறுங்கையோடு போகக் கூச்சமாக இருந்தது. முந்தின நாள் பொரித்த ரோல்ஸில் நாலைந்தை ஒரு தட்டில் வைத்து, மகளை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போனேன். அவர் கதவைத் திறந்தார். நல்ல உயரம். கழுத்தில் டை, காலில் கம்பளிச் செருப்பு, கையில் ஒரு கட்டுத் தாள். கண்கள் நனைந்திருந்தன.

"உள்ளே வேறு யாராவது இருக்கிறார்களா?" என்று ஆங்கிலத்தில் கேட்டேன். அவ்வளவுதான் வந்தது.

"இருக்கிறார்கள்," என்றார். "ஒரு ஓடக்காரன். அவன் மகள். ஒரு ஆறு. வாருங்கள்."

அவருடைய ஆங்கிலத்தில் சொற்கள் குறைவு. மீதியைக் குரல் நிரப்பிவிடும். நான் ஏன் வந்தேன் என்பது புரிந்ததும் சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தார். "மெல்லிய சுவர்! நல்லது. கடைசி வரிசை வரை கேட்கிறது." பிறகு என் மகளைப் பார்த்து, நெஞ்சில் கை வைத்துக் குனிந்தார். அவள் அவருடைய டையைப் பிடித்து இழுத்தாள்.

அவர் ரஷ்யாவில் நாற்பது வருடங்களுக்குக் கிட்ட மேடை நடிகராக இருந்தவர். அதை அன்றைக்கும் அடுத்த நாட்களிலும் துண்டு துண்டாகச் சொன்னார். நான் போகும் நேரம் மகளின் காலை நித்திரைக்குப் பிறகு என்று வழக்கமாகிவிட்டது.

பெரிய ஆற்றங்கரை நகரம் ஒன்றின் நாடக அரங்கில் பத்தொன்பது வயதில் சேர்ந்திருக்கிறார். முதல் மூன்று வருடமும் ஒரே வசனம்: "சாப்பாடு தயார்." நாடகம் மாறும், உடுப்பு மாறும், இவர் கையில் ஒரு தட்டோடு வந்து "சாப்பாடு தயார்" என்று சொல்லிவிட்டுப் போவார். "அந்த இரண்டு சொல்லைப் பதினேழு விதமாகச் சொல்வேன்," என்றவர் அதில் ஐந்தாறை எழுந்து நின்று செய்து காட்டினார். ஒன்றில், சாப்பாடு தயாராக இருக்கிறது, ஆனால் சமைத்தவள் வீட்டை விட்டு ஓடிவிட்டாள் என்பது முகத்திலேயே தெரிந்தது. என் மகள் கண் இடுங்கச் சிரித்தாள். எனக்குச் சிரித்துச் சிரித்து வயிறு நொந்தது. பிள்ளை பிறந்தபின் அப்படிச் சிரித்தது அதுதான் முதல் தடவை என்று வீட்டுக்கு வந்துதான் நினைத்துக்கொண்டேன்.

பிறகு பெரிய வேடங்கள். இருபத்தைந்து வயதில் கிழவனாக நடித்தாராம், ஐம்பது வயதில் காதலனாக. குளிர்காலத்தில் லொறியில் ஊர் ஊராகப் போய், வைக்கோல் கொட்டிலில் ராஜாவாக நின்றபோது கிரீடத்துக்குக் கீழே காதை மூடும் மயிர்த்தொப்பி போட்டிருந்தாராம். பார்த்துக்கொண்டிருந்தவர்களும் அப்படியே மூடிக்கொண்டிருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகத் தெரியவில்லையாம்.

அவருடைய மனைவி அதே அரங்கில் வசனம் எடுத்துக் கொடுப்பவர். மேடையின் முன்விளிம்பில் ஒரு சிறிய பெட்டி மாதிரிக் குழி. அதற்குள் ஒரு விளக்கு, ஒரு முகம், கையில் நாடகப் பிரதி. நடிகருக்கு வசனம் மறந்தால் அந்த முகம் முதல் சொல்லை முணுமுணுக்கும். சபைக்குக் கேட்காது. அந்த வேலைக்கு ரஷ்ய மொழியில் 'சுஃப்லியோர்' என்று பெயர்.

"முதலில் அவள் குரலைத்தான் காதலித்தேன்," என்றார். "உடம்பு முழுவதையும் வெளியே வந்தபிறகுதான் பார்த்தேன். குள்ளம். கோபக்காரி. என் காலுறை எங்கே இருக்கிறது என்பதையும் அவள்தான் எடுத்துக் கொடுப்பாள்."

அவர்களுடைய மகள் குடிபெயர்ந்ததும் இருவரும் பின்னால் ஆஸ்திரேலியா வந்திருக்கிறார்கள். இங்கே பாண் சுடும் தொழிற்சாலையில் வேலை. ஆங்கில நாடகம் ஒன்றில் ஒரே ஒரு முறை வேடம் கிடைத்ததாம்: பிணம். "உச்சரிப்பில் யாரும் குறை சொல்லவில்லை," என்றார் பெருமையாக. ஆனால் வருடத்துக்கு ஒருமுறை, ரஷ்யர்களின் சங்க மண்டபத்தில் ஒரு மணி நேரம் தனியாக நடிப்பார். மனைவி முன் வரிசையில் இருந்து எடுத்துக் கொடுப்பார்.

மனைவி காலமாகி இரண்டு வருடம். போன வருடம் அவர் இல்லாமல் முதல்முறை மேடையேறியிருக்கிறார். பாதியில் ஒரு சொல் வரவில்லை. நின்றார். நின்றுகொண்டேயிருந்தார். கடைசியில் சிட்னியிலிருந்து வந்திருந்த மகள் மேடையேறி, கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு இறங்கினாராம்.

"சின்னப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்திலிருந்து கூட்டிக்கொண்டு போவது போல," என்றார்.

அன்று காரில் மகளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருக்கிறார்: இன்னும் ஒரே ஒரு தடவை. அதிலும் இப்படி நடந்தால், அதோடு மேடை முடிந்தது. அந்த ஒரே ஒரு தடவைக்கு இன்னும் ஐந்து கிழமை இருந்தது. அதைத்தான் சுவருக்கு அப்பால் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ எனக்கு சுஃப்லியோராக வா," என்றார்.

"அங்கிள், எனக்கு ரஷ்யன் தெரியாது!"

"அதனால்தான். சங்கத்தில் யாரையாவது கேட்டால் மறுநாளே எல்லாருக்கும் தெரியும், கிழவனுக்கு மறதி என்று. சத்தமாக எடுத்துக் கொடுப்பார்கள். கூடவே நடிக்கவும் தொடங்கிவிடுவார்கள். ஆனால் முன் வரிசையில் ஒரு தாய், மடியில் குழந்தை, ஏதோ முணுமுணுக்கிறாள். யார் சந்தேகப்படுவார்கள்?"

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்தேன். மறுத்தால் மனம் நோகும். ஒத்துக்கொண்டு நான் பிழைவிட்டால், அவருடைய வாழ்க்கையின் கடைசி மேடையைக் கெடுத்தவள் நானாவேன். கணவர், "ஒண்டில் ஓம் எண்டு சொல்லும், இல்லாட்டி இல்லை எண்டு சொல்லும், நித்திரையைக் கொள்ள விடும்," என்றார். மூன்றாம் நாள் ஓம் என்று சொன்னேன்.

நாடகம் அவரே எழுதியது. ஓர் ஓடக்காரன் ஓய்வு பெறும் நாளில் கடைசித் தடவையாக ஆற்றைக் கடக்கிறான். எதிரே ஒரு வெறும் கதிரை. அதில் ஊரை விட்டுப் போகும் அவன் மகள் இருப்பதாக நினைத்துப் பேசுகிறான். அவ்வளவுதான்.

"முழுவதும் வேண்டாம்," என்றார். "ஒவ்வொரு பகுதிக்கும் முதல் சொல் போதும். வாய்க்கு மற்றது தெரியும். வாசல்தான் மறந்துபோகிறது." ஓடக்காரனின் தொப்பியை அவர் தொட்டால், வாசல் மறந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்படி முப்பது வாசல்கள். அவர் சொல்லச் சொல்ல நான் தமிழ் எழுத்தில் எழுதிக்கொண்டேன். ஆங்கில எழுத்தைவிட அதுதான் எனக்குக் கைவந்தது. அதிலும் ஒரு சந்தோஷம் காத்திருந்தது. அவர்களுடைய த நம்முடைய த மாதிரியே நாக்கு பல்லில் பட்டு வருகிறது. நான் திருப்பிச் சொன்னதும் அவர் கதிரையிலிருந்து எழுந்துவிட்டார். "இருபது வருடமாக இங்கே எல்லாரும் என் த-வை மரக்கட்டை போலச் சொல்கிறார்கள். நீ வீட்டில் சொல்வது போலச் சொல்கிறாய்!" எனக்குப் பள்ளிக்கூடத்தில் பரிசு வாங்கியது போல இருந்தது.

அடுத்த கிழமை அந்த த-வே என் காலை வாரிவிட்டது.

முதல் முழு ஒத்திகை. இருபதாவது வாசலில் அவர் வேண்டுமென்றே தொப்பியைத் தொட்டார். நான் தாளைப் பார்த்து, "தோச்கா," என்றேன். தம்பியில் வரும் த. அவர் என்னைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார். குனிந்து வணங்கிவிட்டுக் குசினிப் பக்கம் போய்விட்டார்.

"அங்கிள், இன்னும் பத்து இடம் இருக்கு!"

"நீதானே முடி என்று சொன்னாய்!"

விளங்கப்படுத்தும்போது சிரிப்பில் அவருக்கு இருமல் வந்துவிட்டது. அந்த இடத்தில் வரவேண்டிய சொல்லை, தேவி என்று சொல்லும்போது வரும் த-வால் சொல்ல வேண்டும். அப்படிச் சொன்னால் 'மகளே'. தம்பியின் த-வால் சொன்னால் 'புள்ளி', அதாவது முற்றுப்புள்ளி. நமக்கு இரண்டுக்கும் ஒரே எழுத்து. தம்பியையும் தேவியையும் பிரித்து வாசிக்க நமக்கு யாரும் அடையாளம் வைத்துத் தருவதில்லை. சொல் தெரியும், வாசித்துவிடுகிறோம். தெரியாத மொழியில் நான் ஓர் ஓடக்காரனை நடு ஆற்றில் நிறுத்திவிட்டேன்.

"என் மகளும் இதைத்தான் சொல்கிறாள்," என்றார் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "தோச்கா சொல்கிறாள்: தோச்கா." முதலாவது தேவியின் த, இரண்டாவது தம்பியின் த.

அன்றே வீட்டில் புதிதாக ஒரு தாள் எழுதினேன். தேவியின் த வரும் இடமெல்லாம் எழுத்துக்குக் கீழே சிவப்பில் ஒரு புள்ளி. அதனால் 'மகள்' என்ற சொல்லுக்குப் புள்ளி உண்டு, 'புள்ளி' என்ற சொல்லுக்குப் புள்ளி இல்லை என்றாகியது. இது எந்த நேரமும் என்னைக் குழப்பும் என்று அப்போதே பயந்தேன். பாத்திரம் கழுவும்போதும் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

அந்தப் புதுத் தாளோடு போன அன்று இன்னொன்று நடந்தது. மகள் தாளைப் பறித்து நிலத்தில் போட்டாள். நான் சட்டென்று குனிந்து எடுத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டேன். யோசித்துச் செய்ததல்ல, சின்ன வயதிலிருந்து கை தானாகச் செய்வது.

"நியெத்!" என்று ஒரு சத்தம், கூடாது என்று தடுப்பது போல. அவர் முகம் வெளிறிப்போயிருந்தது.

நடிகனின் பிரதி நிலத்தில் விழுந்தால், எடுப்பதற்கு முன் அதன்மேல் உட்கார வேண்டுமாம். உட்காராமல் எடுத்தால், தாள் விழுந்தது போல வேடமும் மேடையில் விழுந்துவிடுமாம். அவர்களின் அரங்கில் இயக்குநர் முதல் திரை இழுப்பவர் வரை எல்லாரும் உட்காருவார்களாம்.

"எழுத்தின்மேலா?" என்றேன். "எங்களில் கால் பட்டாலே தொட்டுக் கும்பிடுவோம்."

"கண்ணில் வைத்து என்ன பயன்? விழுந்ததை எழுப்ப வேண்டும். உட்கார்ந்து எழுந்தால்தானே எழும்பும்?"

தாளை என் கையிலிருந்து வாங்கினார். வேண்டுமென்றே மறுபடி கீழே போட்டார். எழுபத்தேழு வயதில், சோபாவைப் பிடித்து, மேசைக்காலைப் பிடித்து, இரண்டு தவணையாகக் கீழே இறங்கி அதன்மேல் உட்கார்ந்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன். அவரைத் தூக்கி நிறுத்த எனக்கு மூன்று தடவை பிடித்தது. மகள் இதை அவர் தனக்காகச் செய்த வேடிக்கை என்று நினைத்துக் கைதட்டினாள்.

சிட்னியில், மெரிலேண்ட்ஸில் அண்ணா வீட்டில் இருக்கும் அம்மாவிடம் அன்று தொலைபேசியில் சொன்னேன். அம்மாவுக்குப் பொறுக்கவில்லை.

"தாளில குந்திறதோ? படிச்ச மனுசன் எண்டெல்லே சொன்னனீ!"

"அது அவையின்ர வழக்கம் அம்மா."

"வழக்கமெண்டா அவர் குந்தட்டும். நீ ஒருநாளும் குந்தாதை, சொல்லிப்போட்டன்."

"நான் ஏன் குந்தப்போறன்?" என்றேன்.

நாடகம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். வெளியே நல்ல வெயில். மண்டபத்தில் அடுக்குக் கதிரைகள், தேநீர்க் கொதிகலன், ஒரு நீள மேசை நிறைய ஊறவைத்த வெள்ளரிக்காய். உள்ளே போன ஐந்து நிமிடத்துக்குள் மூன்று பெண்கள் தனித்தனியே வந்து என்னிடம் ஒரே விஷயத்தைக் கேட்டார்கள்: பிள்ளைக்குத் தொப்பி எங்கே? மூன்றாமவர் என் பதிலுக்குக் காத்திருக்காமல் தன் சால்வையை அவிழ்த்து என் மகளின் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டார். நான் தொப்பி கொண்டுவராததை நினைத்து நொந்துகொண்டேன். கணவர் காதருகே, "உம்மட அம்மாவே பரவாயில்லை," என்றார்.

பெரியவரின் மகள் காலையில்தான் சிட்னியிலிருந்து வந்திருந்தார். கடைசி வரிசையில், கதவுக்குப் பக்கத்தில் இருந்தார். மேல்சட்டையைக் கழற்றவில்லை. எப்போது வேண்டுமானாலும் எழுந்து மேடைக்குப் போகத் தயாராக இருப்பவர் போல இருந்தது.

நான் முன் வரிசையில் இடது பக்க ஓரக் கதிரை. மடியில் மகள், அவளுக்குப் பின்னால் தாள்.

அவர் தொப்பியோடு வந்து நின்றதும் மண்டபம் அடங்கியது. நான் சுவருக்கு இப்பால் கேட்ட அதே குரல். ஆனால் இப்போது முகமும் கையும் சேர்ந்திருந்தன. துடுப்பு இல்லாமல் துடுப்பு வலித்தார். தண்ணீர் எங்கே ஆழம், எங்கே மணல் என்பது தோளில் தெரிந்தது. எங்கெல்லாம் சிரிக்க வேண்டும் என்று எனக்கு மனப்பாடம். எல்லாரும் அங்கெல்லாம் சிரித்தார்கள். இரண்டு தடவை தொப்பியைத் தொட்டார். நான் மகளின் தலைக்கு மேலே குனிந்து சொல்லைச் சொன்னேன். வாசல் திறந்தது. பின்னால் இருந்த பெண்மணி என் தோளைத் தட்டி, நல்ல தாய் என்பது போலத் தலையசைத்தார்.

பத்தொன்பதாவது வாசல் தாண்டியபோது, மகள் சால்வையை இழுக்கப்போய்த் தாளை இழுத்துவிட்டாள். அது வழுக்கி, மேடைக்கும் எனக்கும் நடுவில் நிலத்தில் விழுந்தது.

அவர் பார்த்துவிட்டார். வாய் பேசிக்கொண்டிருந்தது, கண் தாளில் இருந்தது. குரல் மெல்லத் தேய்ந்தது. அவர் இனி ஓடத்தில் இல்லை. அந்தத் தாளைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. கடைசி வரிசையில் ஒரு கதிரை நகரும் சத்தம் கேட்டது.

நான் அன்று யோசிக்கவில்லை. எதற்கும் பத்துத் தடவை யோசிக்கிறவள், பிள்ளையையும் தூக்கிக்கொண்டு கதிரையை விட்டிறங்கி, அத்தனை பேருக்கு முன்னால் அந்தத் தாளின்மேல் குந்திவிட்டேன்.

"என்னப்பா செய்யிறீர்?" என்றார் கணவர்.

"பேசாம இருங்கோ."

மேடையில் அவருடைய தோள் இறங்கியது. முகத்தில் வெயில் வந்தது. துடுப்பு மறுபடி அசைந்தது. ஓடக்காரன் வெறும் கதிரைக்கு முன்னால் வந்து நின்றான். நின்று, தொப்பியைத் தொட்டான்.

இருபதாவது வாசல்! தாள் எனக்குக் கீழே இருந்தது.

எழுத்து கண்ணுக்குள் தெரிந்தது. அதன் கீழே சிவப்புப் புள்ளியும் தெரிந்தது. ஆனால் புள்ளி எதற்கு வைத்தேன்? புள்ளிக்குப் புள்ளியா, மகளுக்குப் புள்ளியா? பிழையானதைச் சொன்னால் அவர் வணங்கிவிட்டு உள்ளே போய்விடுவார், அதோடு எல்லாம் முடிந்தது. மேசையில் குனிந்து அந்தப் புள்ளியை வைத்த நேரத்தை நினைத்தேன். அன்று என் மகள் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகளுக்குத்தான் புள்ளி வைத்தேன்.

"தோச்கா," என்று மெல்லச் சொன்னேன், தேவியின் த-வால். நான் நிலத்தில் இருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை. மறுபடி சொன்னேன். தொப்பியில் கை அப்படியே இருந்தது.

"தோச்கா!"

கத்தியேவிட்டேன். மண்டபம் முழுவதும் கேட்டது. அதற்குக் கடைசி வரிசையிலிருந்து உடனே ஒரு குரல் வந்தது:

"தா, பாப்பா?"

தமிழ்க் காதோடு ஒரு கணம் விழித்தேன், யார் யாரிடம் எதைத் தரச் சொல்கிறார்கள் என்று. பிறகு புரிந்தது. அவருடைய மகள், எழுந்து நின்றபடி, அப்பா கூப்பிட்டதாக நினைத்துப் பதில் சொல்லியிருக்கிறார். என்ன, அப்பா?

அவர் வெறும் கதிரையை விட்டுத் திரும்பினார். மண்டபத்தின் மறுகோடியைப் பார்த்து, அந்தப் பகுதி முழுவதையும் ஒரு சொல் தவறாமல் பேசினார். அதற்குப் பிறகு தொப்பியைத் தொடவேயில்லை. மிச்சப் பத்து வாசலும் தாமாகத் திறந்தன. மகள் கதவருகே நின்றபடியே இருந்தார். நடுவில் எப்போதோ மேல்சட்டையைக் கழற்றிக் கையில் போட்டிருந்தார்.

முடிந்ததும் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள், என்னைத் தவிர. என் கால் விறைத்துப்போயிருந்தது. கணவர் ஒரு கையில் பிள்ளையையும் மறு கையில் என்னையும் பிடித்துத் தூக்கினார். கசங்கிய தாளை எடுத்துக்கொண்டேன்.

மகள் முன்னால் வந்தார். தாளில் இருந்த எழுத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "உங்களுக்கு ரஷ்யன் தெரியுமா?"

"இல்லை. முதல் சொற்கள் மட்டும்."

அவர் தகப்பனின் டையைச் சரிசெய்தார். பிறகு, போன வருடத்து வாக்கை நினைவூட்டுவது போலக் கண்டிப்பாக ஒரு சொல் கேட்டார். எனக்கு விளங்கிய சொல். தம்பியின் த.

"தோச்கா?"

பெரியவர் தலையை ஆட்டினார். "ஸப்பிதாயா."

அது என் முப்பது சொல்லில் இல்லை. நான் விழிப்பதைப் பார்த்து மகள் விரலால் காற்றில் ஒரு சின்னக் கொக்கி போட்டுக் காட்டினார். காற்புள்ளி. காட்டும்போது அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. அடுத்த வருடத்துக்கு அவர் வாக்கு ஒன்றும் கேட்கவில்லை.

நான் தாளை மடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். பெரியவர் அதைக் கவனித்தார். ஒரு கணம் யோசித்தார். "சரி," என்றார். "உட்கார்ந்தபிறகு கண்ணில் வைக்கலாம்."

காரில் ஏறியதும் அம்மாவின் அழைப்பு. ஒளிக்க எனக்கு வராது. எல்லாவற்றையும் சொன்னேன்.

"கும்பிட்டனியோ?"

"ஓம் அம்மா. எழும்பினவுடன கண்ணில ஒத்தினனான்."

"அப்ப சரி," என்றார் அம்மா. "பிள்ளைக்குத் தொப்பி போட்டனியோ?"